கல உயிரியற் கட்டுரை: பட்டியலும் வாதமும்

கல உயிரியல் பற்றி மாணவர் எழுதும் கட்டுரைகள் பல புன்னங்கங்களின் பட்டியலாகவே முடிகின்றன. இழைமணியைக் கலத்தின் சத்தி நிலையம் எனக் குறிப்பிட்டதும் கட்டுரை அடுத்த புன்னங்கத்துக்குத் தாவிவிடுகின்றது. கருவுக்கு வெளியேயுள்ள இழைமணிக்குத் தனக்கென டீ.என்.ஏ. இருப்பது ஏன் என்னும் வினா எழுவதில்லை. அவ்வினாவிலிருந்து தொடங்கும் கட்டுரை வாதமாக வளரும். இரட்டை மென்சவ்வும், பற்றீரியாவினதை ஒத்த இறைபோசோமும் அங்கு சான்றுகளாகின்றன: சுயாதீனமாக வாழ்ந்த பற்றீரியாவொன்று வேறொரு கலத்தினுட் புகுந்து இழைமணியாயிற்று. 1967இல் லின் மார்குலிஸ் இக்கருத்தை முன்வைத்தபோது அது எளிதில் ஏற்கப்படவில்லை. இழைமணிப் புரதங்களுட் பெரும்பாலானவற்றின் பரம்பரையலகுகள் கருவிலேயே உள்ளன என்னும் தடையையும் சிறந்த கட்டுரை எதிர்கொள்ளும். அவை காலப்போக்கிற் கருவுக்கு இடம்பெயர்ந்தமையை விளக்கும். மனனத்துக்கே புள்ளி வழங்கும் மதிப்பீட்டு முறை நீடிக்கும்வரை பட்டியல்களே விளையும். விஞ்ஞானச் சிந்தனை விளையாது.