எடை இறங்க இறங்க ஏறும் இன்பம்

காரின் குதிரைத்திறனைக் கூட்டியவர்களிடம் பேசியிருப்பீர்கள். எடையைக் குறைத்தவர்களிடம் ஒருமுறை பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கிராம் கிராமாகக் கணக்குச் சொல்வார்கள், நிறுத்தவே மாட்டார்கள். நானும் இப்போது அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஒரு போல்ட்டைக் கையில் எடுத்தாலும் தராசில் போட்டுப் பார்க்காமல் கீழே வைப்பதில்லை. அவ்வளவு சந்தோஷம் இருக்கிறது இதில்.

என்னிடம் இருப்பது லோட்டஸ் எலீஸ் ஸ்போர்ட் 240 ஃபைனல் எடிஷன். எலீஸ் உற்பத்தியை முடித்துக்கொள்ளும் 2021-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஹெத்தலில் இருக்கும் லோட்டஸ் தொழிற்சாலை கடைசியாகச் செய்து கொடுத்த வகைகளில் ஒன்று. 1.8 லிட்டர் டொயோட்டா எஞ்சின், அதற்கு ஒரு சூப்பர்சார்ஜர், 240 குதிரைத்திறன். எடை 922 கிலோ. மணிக்கு 60 மைலை 4.1 விநாடியில் எட்டிவிடும். இனி இந்த வகை வராது என்பதால் வாங்கிய பலர் போர்வை போட்டு மூடி, விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார்கள். நான் ஸ்பானரை எடுத்தேன்.

“மச்சான், இப்படி ஒரு காரைப் போய்க் கழற்றுறியே, உனக்கு மனசு எப்படி வருது?” என்று நண்பன் கேட்டான். மனசு வந்ததற்குக் காரணம் லோட்டஸேதான். கார்பன் ஃபைபர் பாகங்கள், லித்தியம் பேட்டரி, பாலிகார்பனேட் பின்கண்ணாடி ஆகியவற்றைக் கூடுதல் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டால் இதே கார் 898 கிலோவுக்கு இறங்கும் என்று தொழிற்சாலையே அறிவித்திருந்தது. ஆக, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைக் காரைச் செய்தவர்களே சொல்லிவிட்டார்கள். அதே பக்கம் இன்னும் கொஞ்சம் தூரம் போனேன், அவ்வளவுதான்.

அந்தப் பாதை பழையது. 1996-இல் முதல் எலீஸ் வெளிவந்தபோது அதன் எடை 725 கிலோ. அச்சுத் துளை வழியே அழுத்தித் தள்ளி உருவாக்கிய அலுமினியத் துண்டுகளை வெல்டிங் இல்லாமல் எபாக்சி பசையால் ஒட்டிச் செய்த சேசிஸ் வெறும் 68 கிலோ. எஞ்சின் ரோவருடையது, 118 குதிரைத்திறன்தான்; ஆனாலும் அன்றைய பெரிய பெரிய ஸ்போர்ட்ஸ் கார்களைத் திருப்பங்களில் திணறடித்தது. அப்போது லோட்டஸின் உரிமையாளராக இருந்த ரொமானோ ஆர்டியோலி தன் பேத்தி எலீசாவின் பெயரைத்தான் இந்தக் காருக்கு வைத்தார். உற்பத்தி முடிந்தபோது கடைசி எலீஸ் போய்ச் சேர்ந்ததும் அதே எலீசாவிடம்தான். இந்தக் குடும்பக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். நான் தொடங்கியது பேட்டரியில். எலீஸை எடை குறைக்க நினைக்கும் யாரும் அங்கேதான் தொடங்க வேண்டும். செலவுக்கும் பலனுக்கும் அதைவிடப் பொருத்தம் வேறு எதிலும் இல்லை. பழைய ஈய அமிலப் பேட்டரியைத் தூக்கி எடுக்கும்போது தோள் இழுத்தது. தராசில் 14 கிலோ. அதன் இடத்தில் வைத்த லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 4 கிலோ. ஒரே பாகத்தில் 10 கிலோ போயிற்று! புதியதை ஒரு கையால் இறக்கி வைத்தேன். காலி டப்பாவைத்தான் அனுப்பிவிட்டார்களோ என்று நினைக்க வைக்கும் எடை.

அடுத்தது பின்கண்ணாடி. எலீஸில் எஞ்சின் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நமக்கும் அதற்கும் நடுவே ஒரு சின்ன நேர்க்கண்ணாடி. பாலிகார்பனேட்டின் அடர்த்தி கண்ணாடியின் அடர்த்தியில் ஏறத்தாழப் பாதி. அதையும் மெல்லிசாகவே போடலாம். மிச்சமானது சில கிலோதான், ஆனால் கூடவே ஒரு பெரிய பரிசு கிடைத்தது: சத்தம். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் சூப்பர்சார்ஜரின் அந்த மெல்லிய ஊளை முன்பைவிடத் தெளிவாக, காதோரத்திலேயே எழுகிறது. அந்த ஒலிக்காகவே கீழ் கியரில் வைத்திருக்கத் தோன்றுகிறது.

டைட்டானியம் எக்ஸ்ஹாஸ்ட் போட்டேன்; விலை அதிகம், ஆனால் எடை இறங்குவது எஞ்சினுக்கும் பின்னால், வாலோரத்தில். கார் திரும்பும்போது ஊசலாடும் எடை அதுதான் என்பதால் அங்கே போகும் ஒரு கிலோ, நடுவில் போகும் இரண்டு கிலோவுக்குச் சமம் என்று நான் சொல்வேன். ரேடியோ, ஸ்பீக்கர், தரைவிரிப்பு எல்லாம் போயின. ஏசியும் போயிற்று. அதன் வாயுவைக் கண்டபடி வெளியேற்றக் கூடாது; சான்றிதழ் பெற்றவரை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஆனால் உண்மையான அற்புதம் சக்கரங்களில் இருக்கிறது. ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் எடையை ஸ்பிரிங் தாங்குகிறது. கீழே இருக்கும் எடையை, அதாவது டயர், சக்கரம், டிஸ்க் ஆகியவற்றை, சாலையின் ஒவ்வொரு மேடும் நேராகத் தூக்கி எறிகிறது. அது கனமாக இருந்தால் டயர் தரையை விட்டு எழும்பி, திரும்பி வந்து ஒட்ட நேரமாகும். போதாததற்கு இவை சுழலவும் வேண்டும். ஒவ்வொரு முறையும் எஞ்சின் இவற்றை முடுக்கவும் பிரேக் இவற்றை அடக்கவும் வேண்டும். ஃபைனல் எடிஷனோடு வந்த ஃபோர்ஜ்டு அலாய் சக்கரங்கள் ஏற்கெனவே இலேசு. அவற்றுக்குள்ளே இருந்த ஒற்றை வார்ப்பு இரும்பு டிஸ்குகளை எடுத்துவிட்டு, நடுப்பகுதி அலுமினியமாகவும் ஓரம் இரும்பாகவும் அமைந்த இரண்டு துண்டு டிஸ்குகளைப் போட்டேன். சக்கர போல்ட்டுகளையும் டைட்டானியத்துக்கு மாற்றினேன். இரும்பு போல்ட்டை ஓர் உள்ளங்கையிலும் டைட்டானியம் போல்ட்டை இன்னோர் உள்ளங்கையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். அதே நீளம், அதே மரை. எடையில் பாதியைவிடக் கொஞ்சம் கூட. கண் ஒன்று சொல்கிறது, கை வேறொன்று சொல்கிறது. அந்த வியப்பு எனக்கு இன்றுவரை தீரவில்லை.

ஏர்பேக், சீட் பெல்ட், ஏபிஎஸ், கதவுக்குள் இருக்கும் பாதுகாப்புச் சட்டம் ஆகியவற்றை நான் தொடவில்லை. யாரும் தொடக் கூடாது. அங்கே கிராம் கணக்குப் பார்ப்பவர்களை எனக்குப் பிடிக்காது.

எல்லாம் சேர்ந்து 50 கிலோ இறங்கியது. எடையை இறக்கினால் வேலை முடிந்தது என்று விட்டுவிட முடியாது. பாரம் குறைந்ததும் கார் சற்று உயர்ந்து நிற்கும், சக்கரங்களின் கோணம் மாறும். எலீஸை நன்றாக அறிந்த ஒரு பட்டறையில் விட்டேன். ஓட்டுநர் இருக்கையில் என் எடைக்கு ஈடாக மூட்டைகளை வைத்து, நான்கு சக்கரத்துக்கும் நான்கு தராசு போட்டு நிறுத்தினார்கள். பிறகு சஸ்பென்ஷனில் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகியும் உருவியும் கோணத்தைத் திருத்தினார்கள். அவசரமே இல்லாத வேலை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கணக்குப் போட்டால், 922 கிலோவில் 50 குறைவது பழைய எடையிலேயே கிட்டத்தட்ட 14 குதிரைத்திறனைக் கூட்டியதற்குச் சமம். ஆனால் கூட்டிய குதிரைத்திறன் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும்தான் உதவும். குறைத்த எடை பிரேக்கிலும் உதவும், திருப்பத்திலும் உதவும், டயர் தேய்மானத்திலும் பெட்ரோலிலும் உதவும்.

இதை முழுசாக உணர்ந்தது ஸ்னெட்டர்டன் பந்தயத் தடத்தில். ஹெத்தலுக்குப் பக்கத்தில், அதே நார்ஃபோக்கில் இருக்கிறது. சுற்றின் கடைசியில் கோரம் என்று ஒரு நீண்ட வலது வளைவு. முடியவே முடியாது என்று தோன்றும். அது முடிவதற்குள்ளேயே, கார் இன்னும் வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும்போதே, மர்ரேஸ் என்ற இடது திருப்பத்துக்காக பிரேக் பிடிக்க வேண்டும். கனமான காரில் அந்த இடத்தில் வயிறு கலங்கும். பின்பக்கம் முன்னே வரப் பார்க்கும். என் எலீஸ் அங்கே மூக்கைத் தாழ்த்தி, பிரேக்கை வாங்கிக்கொண்டு, ஸ்டீயரிங்கை நான் திருப்பிய அளவுக்குச் சரியாகத் திரும்பியது. இந்தக் காரில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. தரையில் இருக்கும் ஒவ்வொரு மேடும் பள்ளமும் விரல் நுனிக்கு வந்து சேரும். எடை குறைந்தபின் அந்தச் செய்தி இன்னும் சீக்கிரம், இன்னும் துல்லியமாக வருகிறது. ஹெல்மெட்டுக்குள் நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். எத்தனை விலை உயர்ந்த காரும் எனக்கு இந்தச் சிரிப்பைத் தந்ததில்லை.

எலீஸோ அதுபோல இலேசான வேறெந்த ஸ்போர்ட்ஸ் காரோ வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். போர்வையை எடுங்கள். பேட்டரியில் தொடங்குங்கள், காசு மிச்சமிருந்தால் டிஸ்குகளுக்குப் போங்கள், எக்ஸ்ஹாஸ்ட் மெதுவாக வரட்டும், தடங்களின் சத்த வரம்பையும் பார்த்துக்கொண்டு வாங்குங்கள். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் பெயரெழுதிப் பெட்டியில் வையுங்கள், வேண்டுமென்றால் காரைப் பழையபடி மாற்றிவிடலாம். மாற்றியதையெல்லாம் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் ஒரு நல்ல காலைப்பொழுதில் வளைவுகள் நிறைந்த சாலையாகப் பார்த்து ஓட்டிப் போங்கள்.