பரிசும் நிபந்தனையும்: 'அரோஸ்மித்' நாவல் பற்றிய ஒரு நோக்கு

மருத்துவ ஆராய்ச்சியாளன் ஒருவனைக் கதைத்தலைவனாகக் கொண்டு எழுந்த நாவல்களுள், அமெரிக்க எழுத்தாளர் சின்கிளயர் லூயிஸ் 1925இல் வெளியிட்ட 'அரோஸ்மித்' குறிப்பிடத்தக்கதாகும். அடுத்த ஆண்டு இந்நாவலுக்குப் புலிட்சர் பரிசு வழங்கப்பட்டபோது லூயிஸ் அதனை ஏற்க மறுத்தார். பரிசுகள் யாவுமே ஆபத்தானவை என்றும், அவற்றை நாடுவோர் படைப்பின் செம்மையை மறந்து பரிசளிப்போரின் மனப்போக்குக்கு இசைந்து எழுதத் தலைப்படுவர் என்றும் அவர் காரணம் காட்டினார். எழுத்தாளனைப் பற்றி அவர் கூறிய இக்கருத்தே விஞ்ஞானியைப் பற்றிய அவரது நாவலிலும் அடிநாதமாக ஒலிக்கின்றது. மருந்து காண்பவனை வெகுமதி காட்டி ஊக்குவித்தல் மருந்தை விரைவுபடுத்துமா, அன்றிப் பழுதுபடுத்துமா? மருந்தாராய்ச்சிக்கு எவ்வகைப் பொருளூக்கம் அளிக்கலாம் என அரசுகள் சட்டம் இயற்றிவரும் இன்றைய சூழலில் இவ்வினா பழமையடைந்துவிடவில்லை.

நாவலின் விஞ்ஞானச் செய்திகளுக்குத் துணைநின்றவர் போல் டி குரூய்ஃப் என்னும் நுண்ணுயிரியலாளர் ஆவார். அவர் நியூயோர்க்கிலுள்ள ரொக்கபெல்லர் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றி, 1922இல் அங்கிருந்து விலகியவர். ஆராய்ச்சி உலகின் உட்புறத்தை அறிந்த ஒருவரின் துணை கிடைத்தமையால், ஊக்குவிப்பு என்பது ஆய்வுகூடத்தினுள் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை லூயிஸ் நுணுக்கமாகக் காட்ட முடிந்தது எனலாம்.

இவ்வகையில் மூன்று கட்டங்கள் கவனத்திற்குரியன. முதலாவது, மாட்டின் அரோஸ்மித்தின் ஆசானாகிய மக்ஸ் கொட்லீப் பல்கலைக்கழகத்தினின்றும் நீக்கப்பட்டு, ஹன்சிகர் என்பவரின் மருந்துக் கம்பனியில் சேர்வதாகும். சோதனைக் குழாயிலேயே நச்செதிர்ப்பு மருந்தை ஆக்கும் வழியொன்றை அவர் அங்கு காண்கின்றார். உடனே அதற்கு ஆக்கவுரிமை பெற்றுச் சந்தைக்கு விடவேண்டும் என்கின்றது கம்பனி. முறை இன்னும் முற்றாகச் சோதிக்கப்படவில்லை என்கின்றார் கொட்லீப். இரண்டாவது கட்டத்தில், செல்வந்தர் ஒருவரின் கொடையால் இயங்கும் மக்கர்க் நிறுவனத்தில் பற்றீரியாக்களை அழிக்கும் பொருளொன்றை அரோஸ்மித் கண்டறிகின்றான். அங்கு இலாபவேட்கை இல்லை. எனினும் பணிப்பாளர் டப்ஸ், பிரிவொன்றின் தலைமைப் பதவியைக் காட்டி, ஆய்வை உடனே வெளியிடுமாறு தூண்டுகின்றார். டி ஹெரெல் என்னும் விஞ்ஞானி அதே பொருளை முன்னரே கண்டு வெளியிட்டமை தெரியவந்ததும் அந்த ஆர்வம் அடங்கிவிடுகின்றது.

வணிகமும் கொடையும் வேறு வேறாகத் தோன்றினும், விஞ்ஞானியிடம் அவை கேட்பது ஒன்றே என்பதை இவ்விரு கட்டங்களையும் அருகருகே வைத்துக் காட்டியமை லூயிஸின் சிறப்பாகும். உண்மை முதிர்வதற்கு முன்னரே அதனை அறிவிக்குமாறு இரண்டும் கேட்கின்றன. பணத்தாசை ஒருவரையும் புகழாசை இன்னொருவரையும் கெடுத்தது என்னும் வெறும் நீதிக்கதையாக நாவல் சுருங்காமைக்கு இதுவே காரணம்.

மூன்றாவது கட்டம் செயின்ற் ஹியூபேட் என்னும் கற்பனைத் தீவில் நிகழ்கின்றது. மேற்கிந்தியப் பகுதியில் பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட அத்தீவில் கொள்ளைநோய் பரவுகின்றது. மக்களுள் ஒரு பாதிக்கு மருந்து கொடுத்து, மறுபாதிக்குக் கொடாது விட்டு, விளைவை ஒப்பிடும் நோக்குடன் அரோஸ்மித் அங்கு செல்கின்றான். நோய்க்கு மனைவி லியோரா பலியானதும் அவன் உறுதி தளர்கின்றது. கேட்போர் யாவர்க்கும் மருந்தை வழங்கிச் சோதனையைக் குலைத்துவிடுகின்றான். ஊர் திரும்பியவனை நிறுவனம் வெற்றிவீரனாகவே வரவேற்கின்றது. மருந்து பயன் தந்ததா என்பது நிறுவப்படாமலே பாராட்டு வந்து சேர்வதில் உள்ள அங்கதம் கூர்மையானது.

ஆயினும் இவ்விடத்திலேயே நாவலின் குறையும் வெளிப்படுகின்றது. ஒலிவர் மாச்சண்ட் என்னும் கறுப்பின வைத்தியர் போன்ற ஒரு சிலரைத் தவிர, தீவின் எளிய மக்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே நிற்கின்றனர். விஞ்ஞானியின் மனச்சான்று விரிவாக ஆராயப்படுமளவுக்கு, மருந்து மறுக்கப்பட்ட பாதியினரின் குரல் கேட்கப்படவில்லை. முடிவில் அரோஸ்மித் பதவியையும் செல்வ வாழ்வையும் துறந்து, நண்பன் டெரி விக்கெட்டுடன் வெர்மண்ட் காட்டிலுள்ள சிறு ஆய்வுகூடத்திற்கு ஒதுங்கிவிடுகின்றான். அங்கும் சீரம் செய்து வைத்தியர்களுக்கு விற்றே அவர்கள் வாழ வேண்டியிருக்கின்றது. பொருள் சாராத ஆராய்ச்சி இல்லை என்னும் உண்மையை நாவல் தன்னையறியாமலே ஒப்புக்கொள்கின்றது. துறவு ஒரு விஞ்ஞானியைக் காக்கலாம். ஆயிரக்கணக்கானோர் கூடி ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கும் மருந்துக்கு அது வழியாகாது.

லூயிஸின் நோயறிதல் இன்றும் பொருந்துவதற்கு அமெரிக்கச் சட்டமொன்று சான்றாகும். புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுக்கு மருந்து பதிவுசெய்யும் கம்பனிக்கு 'முன்னுரிமைப் பரிசீலனைச் சீட்டு' ஒன்றை வழங்க 2007இல் அங்கு ஏற்பாடு செய்யப்பட்டது. சீட்டை உடையவர், தாம் விரும்பும் வேறொரு மருந்துக்கான அரச பரிசீலனையைப் பத்து மாத அளவிலிருந்து ஆறு மாத அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம்; சீட்டை விற்கவும் செய்யலாம். கலா அசார் நோய்க்கான மில்டெஃபோசின், உலக சுகாதார நிறுவனம் சார்ந்த ஆராய்ச்சித் திட்டத்தின் துணையோடு உருவாகி, 2002இலேயே இந்தியாவில் அனுமதி பெற்றிருந்தது. 2014இல் அதனை அமெரிக்காவில் பதிவுசெய்த கனடியக் கம்பனியொன்று, கிடைத்த சீட்டை அதே ஆண்டில் 125 மில்லியன் டொலருக்கு விற்றது. அம்மருந்தை நோயாளருக்கு எட்டும் விலையில் வழங்க வேண்டும் என்னும் நிபந்தனை சட்டத்தில் இருக்கவில்லை. பதிவுக்குப் பரிசு கிடைத்தது. மருந்து நோயாளரை அடைந்ததா என்பது கேட்கப்படவில்லை. ஹன்சிகரின் அவசரம் இங்கு சட்டவடிவம் பெற்றுள்ளது எனின் மிகையாகாது.

எனினும் இதே ஏற்பாட்டின் மறுபக்கத்தையும் நோக்குதல் நியாயமாகும். ஆற்றுக் குருட்டு நோய்க்கான மொக்சிடெக்ரின் 2018இல் அமெரிக்க அனுமதி பெற்றது. அதனை முன்னெடுத்தது இலாப நோக்கற்ற அவுஸ்திரேலிய நிறுவனமொன்று. சீட்டு கிடைக்கும் என்னும் எதிர்பார்ப்பே அதற்கு முதலீட்டை ஈட்டிக் கொடுத்தது. முன்னர் பிறநாடுகளில் பதிவான பழைய மருந்துகளைக் காட்டிச் சீட்டுப் பெறுவதைத் தடுக்கும் வகையில், புதிய மருத்துவ ஆய்வை வலியுறுத்தி 2017இல் சட்டமும் திருத்தப்பட்டது. ஆகவே வெகுமதி யாவும் நஞ்சு என்னும் முடிவு அனுபவத்தோடு ஒத்துவரவில்லை.

இவ்வேறுபாட்டை லூயிஸ் தம் வாழ்வில் உணர்ந்தே இருந்தார். அமெரிக்க வாழ்வின் நலமான சூழலைச் சித்திரிக்கும் நாவலுக்கே புலிட்சர் பரிசு என விதிகள் வகுத்திருந்தமையை அவர் சிறப்பாகக் கண்டித்தார். ஆனால் 1930இல் நோபல் பரிசை ஏற்றுக்கொண்டார். ஆக, அவரை உறுத்தியது பரிசைவிட அதனோடு பிணைந்த நிபந்தனையே எனக் கொள்வது பொருந்தும். இத்தெளிவு நாவலின் முடிவில் இடம்பெறவில்லை. மருந்தாராய்ச்சியை ஊக்குவிக்க எவ்வளவு கொடுப்பது என்பதைவிட, எச்செயல் நிறைவேறியபின் கொடுப்பது என்பதே முதன்மையான வினா. அச்செயல் எதுவென்று தீர்மானிக்கும்போது செயின்ற் ஹியூபேட் தீவின் மறுபாதி மக்களுக்கும் பேச இடமிருத்தல் வேண்டும். விஞ்ஞானியின் தூய்மையை இவ்வளவு நேர்மையோடு ஆராய்ந்த நாவல் நோயாளரின் உரிமையை ஆராயாது விட்டமை, அதன் காலத்தின் எல்லையும் அதன் ஆசிரியரின் எல்லையுமாகும்.