உடற்பருமனும் ஏற்றுக்கொள்ளப்படுதலும்: ‘இஞ்சி இடுப்பழகி’ திரைப்படத்தை முன்வைத்துச் சில எண்ணங்கள்

2025 நவம்பரில் சென்னையில் ‘அதர்ஸ்’ என்னும் திரைப்படத்தின் விளம்பர நிகழ்ச்சிகளையொட்டி ஒரு சர்ச்சை எழுந்தது. கதாநாயகர் நடிகை கௌரி கிஷனைத் தூக்கும் காட்சியைச் சுட்டி, அவருடைய எடை எவ்வளவு என்று கதாநாயகரிடம் வினவப்பட்டது. அது உருவக்கேலி என்று அந்நடிகை செய்தியாளர் முன்னிலையிலேயே மறுத்துரைத்தார். தியாகராய நகரிலுள்ள நடிகர் சங்கமும், சென்னைப் பத்திரிகையாளர் மன்றமும் கண்டனம் தெரிவித்தன. எடையைக் கேட்டவருக்குத் தாம் தவறேதும் செய்ததாக முதலில் தோன்றவில்லை என்பதே நம் கவனத்துக்குரியது. நம்மிடையே அது அத்துணை இயல்பான வினா.

இதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 2015 நவம்பரில், பிரகாஷ் கோவெலமுடி இயக்கத்தில் தமிழிலும் தெலுங்கிலும் ஒருசேர வெளிவந்த ‘இஞ்சி இடுப்பழகி’யைத் திருச்சபையார் மீண்டும் ஒருமுறை பார்ப்பது தகும். பருமனான ஸ்வீட்டி என்னும் பெண்ணுக்கு வரன் அமையவில்லை. தாயாருக்கோ அதுவே ஓயாத கவலை. உடலை விரைந்து இளைக்கச் செய்வதாக வாக்களிக்கும் நிலையமொன்றில் சேர்ந்த தோழியின் சிறுநீரகம் பழுதடைகிறது. ஸ்வீட்டி அந்நிலையத்துக்கு எதிராகக் கிளர்ந்தெழுகிறாள். இவ்வேடத்துக்காக அனுஷ்கா உண்மையாகவே தம் எடையைக் கூட்டிக்கொண்டார் என்பது பாராட்டற்பாலது. பருமனானவரை நகைச்சுவைப் பகுதிக்கு மட்டுமே ஒதுக்கிய நம் திரையுலகில், அவரைக் கதையின் நடுவில் நிறுத்தியதே ஒரு துணிவுதான்.

ஆயினும் படம் தன் பொருளைக் கண்டு தானே அஞ்சுகிறது. தலைப்பே மெல்லிடையின் புகழ்ச்சி. 1992ஆம் ஆண்டின் ‘தேவர் மகன்’ பாடலிலிருந்து எடுத்தாளப்பட்டது. குற்றம் முழுவதும் நிலைய உரிமையாளர் தலையில் சுமத்தப்படுவதால், பெண் பார்க்க வந்தவர்களும், உறவினரும், நாமும் எளிதில் தப்பிவிடுகிறோம். ‘ஒல்லி’ என்னும் பழைய அளவுகோலை அகற்றிய கையோடு ‘கட்டுடல்’ என்னும் புதிய அளவுகோல் கையளிக்கப்படுகிறது. ஸ்வீட்டி மதிப்புப் பெறுவது தோழிக்காகப் பாடுபட்டதனால். இறையியல் மொழியிற் சொன்னால், அவள் கிரியைகளினாலேயே நீதிமானாக்கப்படுகிறாள். ஒன்றும் சாதிக்காத பருமனான பெண்ணைப் பற்றி இப்படத்துக்குச் சொல்ல எதுவுமில்லை.

இவ்வினா தமிழகத்துக்கு வெளியே முன்னரே எழுந்ததுதான். 1967இல் நியூயார்க்கின் மத்தியப் பூங்காவில் ஏறத்தாழ ஐந்நூறு பேர் கூடி, உணவுக் கட்டுப்பாட்டு நூல்களையும் ட்விகி என்னும் மெலிந்த விளம்பர அழகியின் படங்களையும் எரித்தனர், பனிக்கூழும் உண்டார்களாம். 1969இல் பில் ஃபேப்ரி முதலானோர் பருமனான அமெரிக்கருக்கு உதவும் தேசியச் சங்கத்தை அமைத்தனர். 1973இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஜூடி ஃப்ரீஸ்பிரிட், ஆல்டிபரான் ஆகிய இரு பெண்கள் வெளியிட்ட விடுதலை அறிக்கை அதற்கும் அப்பாற் சென்று, மெலிவிக்கும் தொழில்களையே எதிரியென அறிவித்தது. மிச்சிகன் மாநிலம் 1976இலேயே எடையை முன்னிட்டுப் பாகுபாடு காட்டுவதைச் சட்டத்தால் தடை செய்தது. உதவி கேட்பது வேறு, நீதி கேட்பது வேறு; தலித் இறையியல் பயின்ற நம் மாணவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

இவ்வரலாற்றில் சீர்திருத்தச் சபையாரின் பங்கு பெருமைக்குரியதன்று. சார்லி ஷெட் என்னும் பிரஸ்பிட்டேரியன் போதகர், ஜெபத்தால் எடையைக் குறைப்பது பற்றி 1957இல் ஒரு நூல் வெளியிட்டார். 1986இல் க்வென் ஷாம்ப்ளின் தொடங்கிய பயிற்சித் திட்டம் அமெரிக்கச் சபைகள் பலவற்றிற் பரவி, இறுதியில் ஒரு தனிச் சபையாகவே முடிந்தது. மெலிந்த உடல் பரிசுத்தத்தின் அடையாளமாயிற்று. சரீரம் பரிசுத்த ஆவியினுடைய ஆலயம் என்னும் 1 கொரிந்தியர் 6:19 இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. பவுல் அங்கே பேசுவது வேசித்தனத்தைக் குறித்து, இடுப்பளவைக் குறித்தன்று.

பெருந்தீனி பாவமன்றோ எனலாம். ஆம், பாவமே. ஆனால் மகா கிரகோரியார் அதன் ஐந்து வகைகளைக் கூறுகையில், வேளைக்கு முன் உண்ணுதல், விலையுயர்ந்ததை நாடுதல், பக்குவத்தில் மிகுந்த நுணுக்கம் பார்த்தல், அளவு மீறல், பேராவல் என்கிறார். மெலிந்தவரும் இவ்வைந்திலும் விழலாம். எக்லோனின் பருமனும் (நியாயாதிபதிகள் 3:17) ஏலியின் கனமும் (1 சாமுவேல் 4:18) திருமறையில் உண்டு. அவற்றைக் கொண்டு மட்டும் பிரசங்கம் செய்வோர், ‘தாஷேன்’ என்னும் எபிரெயச் சொல்லை மறந்துவிடுகின்றனர். கொழுமை என்னும் பொருளுள்ள இச்சொல்லே நீதிமொழிகள் 11:25இல் உதாரகுணமுள்ளவனுக்கு ஆசீர்வாதமாகவும், சங்கீதம் 92:14இல் முதிர்ந்த நீதிமான்களின் இயல்பாகவும் வருகிறது. உபாகமம் 32:15இல் யெஷூரன் கொழுத்து உதைத்தான் என்பதும் உண்மையே. தமிழிலும் ‘கொழுப்பு’ செருக்கைக் குறிக்கும். அதே தமிழில் ‘இளைத்துப் போனாயே’ என்று தாய் கண்ணீர் விடுவாள். ஒரு சொல்லின் ஒரு பாதியை மட்டும் நாம் பிரசங்க பீடத்துக்கு எடுத்துச் செல்வானேன்?

நம் நகரில் வேறொரு மரபும் இருந்தது. மியூசிக் அகாதெமியில் பரதம் பயிற்றிய பாலசரஸ்வதி பிற்காலத்தில் கனத்த உடலினர். 1973இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். 1976இல் சத்யஜித் ரே அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தில் அதே உடலுடன் கடற்கரையில் அபிநயம் பிடிக்கிறார். பார்ப்பவர் காண்பது அபிநயத்தை. மயிலாப்பூரும் அடையாறும் அதற்குத் தலைவணங்கின.

உடல்நலத்தைப் புறக்கணிக்கச் சொல்கிறோமோ எனச் சிலர் ஐயுறலாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் மிகையெடையோ உடற்பருமனோ உடையவர்கள். நீரிழிவு நம் சபைகளில் வீடுதோறும் உண்டு. அதை மருத்துவர் கவனிக்கட்டும். அவ்வியக்கத்தாருள் சிலர் மருத்துவத்தையே ஐயத்துடன் நோக்குவது நமக்கு உடன்பாடன்று. ஆனால் இந்த 40.4 விழுக்காட்டினரே ஞாயிறுதோறும் நம் முன் அமர்ந்து, பீடத்திலிருந்து வரும் பருமன் பற்றிய வேடிக்கைக்குச் சபையாரோடு சேர்ந்து சிரிக்க வேண்டியவர்களாகிறார்கள். பால் தில்லிக் ‘நீ ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறாய்’ என்று பிரசங்கித்தபோது எந்த நிபந்தனையும் விதிக்கவில்லை.

தியாகராய நகரானாலும் கிராமமானாலும், வரன் தேடும் பெற்றோர் இன்றும் ஆயரிடம் வருகின்றனர். பெண் சிவப்பாக, ஒல்லியாக இருக்கவேண்டும் என்பார்கள். அவ்வாறு வருவோரிடம் படிப்பு, விசுவாசம், குடும்பம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அவ்விரு சொற்களையும் எழுத ஆயர் மறுத்துவிடலாம். பெற்றோர் காரணம் கேட்பார்கள். அப்போது பேச வேண்டியதைக் கல்லூரியிலேயே ஆயத்தம் செய்துகொள்வது நல்லது.