'பசியாறு' எத்தனை எழுத்து?

வேர்டில் விளையாட்டைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் பச்சை, மஞ்சள் கட்டங்களைத்தான் சொல்றாங்க. எனக்கு அதன் சொற்பட்டியல்தான் முக்கியம். ஜாஷ் வார்டல் 2021இல் தன் துணைவி பாலக் ஷாவுக்காக உருவாக்கிய ஆட்டம் அது. ஏறக்குறைய 12,000 ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்களைத் தெரியும், தெரியாது என்று பிரித்துச் சுமார் 2,500 ஆகக் குறைத்தவர் பாலக் ஷா. ஒரு வீட்டின் சொல்வளம்தான் உலகத்துக்கே புதிரானது.

பினாங்கில் எங்க வீட்டுச் சனிக்கிழமை இரவுகளில் ஆங்கிலத்துக்கு ஸ்கிராபிள் உண்டு, மலாய்க்கு சாஹிபா உண்டு. தமிழுக்கு வாய்தான். ஒருத்தர் ஒரு சொல்லை மனசுல வெச்சுக்குவார்; மற்றவங்க வேறு சொற்களைச் சொல்லிச் சொல்லி அதை நெருங்கணும். இதை இணையத்துக்குக் கொண்டுபோக நானும் தம்பியும் உட்கார்ந்தோம்.

முதல் சிக்கல் எழுத்து. 'பசியாறு' நமக்கு நாலு எழுத்து. ஒருங்குறியில் ஏழு, ஏன்னா 'சி' அங்கே சகரமும் இகரக் குறியுமாகப் பிரிந்து கிடக்கிறது. ஓப்பன்-தமிழ் போன்ற திறமூல நிரல்கள் இதைச் சரியாக எண்ணித் தருகின்றன. சரி, 'சி' வரவேண்டிய இடத்தில் 'சா' போட்டால் என்ன நிறம்? 247 எழுத்தையும் தனித்தனியாக வைத்தால் ஆறு முயற்சி போதாது. தொல்காப்பியம் எழுத்து முப்பது என்றுதான் தொடங்குகிறது. மெய்க்கு ஒரு நிறம், உயிருக்கு ஒரு நிறம் என்று வைத்தோம், ஆட்டம் ஓடியது.

ஆனா சொற்பட்டியலில் நின்றுபோனது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனை (1924–1936) அப்படியே ஏற்றுவது எளிது. லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அதில் 'கம்பம்' தேறிவிடும், தூண் என்ற பொருளில். நம்ம ஊர்க் கம்பம் அங்கே இல்லை. 'தவுக்கே'வை எதிர்பார்க்கவே முடியாது.

வீட்டில் பாட்டி 'தவுக்கே' சொன்னப்போ தம்பி மறுத்தான்: "அது ஹொக்கியன் சொல்லு பாட்டி." பாட்டி விடலை: "அறுபது வருஷமா நான் தமிழ்லதானேடா சொல்றேன்?" அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு சொல் உள்ளே வந்தது. திரையில் அந்த வாக்குவாதத்துக்கு இடமில்லை. 'இச்சொல் இல்லை' என்று வரும், அவ்வளவுதான். ஏற்கெனவே பள்ளித் தேர்வில் வீட்டுத் தமிழை வெட்டிவிட்டு எழுதப் பழகிய நமக்கு, விளையாட்டும் இன்னொரு தேர்வாகிவிடும்.

எல்லாச் சொல்லையும் விட்டால் ஆட்டமே இருக்காதுன்னு நீங்க கேட்கலாம். எல்லை வேணும்தான். அதை யார் போடுறாங்க என்பதுதான் கேள்வி. 2022 ஜனவரியில் வேர்டிலை வாங்கிய நியூயார்க் டைம்ஸ், கொஞ்ச நாளிலேயே சில சொற்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. எந்தப் பட்டியலுக்குப் பின்னாலும் ஒரு பதிப்பாசிரியர் இருக்கிறார். இலக்கியத் தொகுப்புகளைப் படிக்கும்போது யார் விடுபட்டார்கள் என்று தேடுகிற நாம், விளையாட்டையும் அப்படித்தான் படிக்கணும்.

எங்க ஆட்டம் தெரியாத சொல்லைத் தள்ளாது. 'எந்த ஊர்ல சொல்வாங்க?' என்று கேட்கும். கூட ஆடுபவர்களில் இரண்டு பேர் ஒப்புக்கொண்டால், ஊர்ப்பெயரோடு அந்தச் சொல் பட்டியலில் ஏறும்.