ஒற்றை இமையும் மூன்றாவது ஆளும்

2006 ஜூலை 1. ஜெர்மனியின் கெல்சன்கிர்சனில் உலகக் கோப்பைக் காலிறுதி ஆட்டம். போர்ச்சுகல் வீரர் ஒருவரை மிதித்ததற்காக இங்கிலாந்தின் வெய்ன் ரூனிக்குச் சிவப்பு அட்டை காட்டப்படுகிறது. நடுவரிடம் ஓடிப்போய் முறையிட்டவர்களில் ஒருவர் கிறிஸ்டியானோ ரொனால்டோ. மற்ற நாட்களில் மான்செஸ்டர் யுனைடெட் அணியில் ரூனிக்குப் பக்கத்தில் ஆடிவந்தவர். ரூனி வெளியேறியதும் ரொனால்டோ தன் அணியின் பெஞ்சுப் பக்கம் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். அரை நொடிகூட இருக்காது. பெனால்டியில் தோற்றதைக் காட்டிலும் அந்த இமைதான் இங்கிலாந்துக்காரர்களை அதிகம் எரித்தது. அவர் முகத்தை நடுவில் வைத்து அம்பெறியும் பலகை ஒன்றையே அச்சிட்டுக் கொடுத்தது ஒரு நாளிதழ்.

‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று மட்டும் அவர் சொல்லியிருக்கலாம். இங்கிலாந்து அதைத் தன் மொழியில் படித்தது: ‘காரியம் முடிந்தது.’ அவர்கள் மொழியில் ‘விங்க்’ என்ற சொல்லுக்கு அப்படியொரு நிழல் உண்டு.

பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கண்களை மூடுவது என்றுதான் பொருள். ஒற்றைக் கண் என்ற கணக்கெல்லாம் பிறகு வந்தது. குட்டித் தூக்கத்தை ‘நாற்பது விங்க்’ என்கிறார்கள். இரவெல்லாம் விழித்திருந்தவர் ‘ஒரு விங்க்கூட இல்லை’ என்று அலுத்துக்கொள்கிறார். ஏமாற்றுவதைக் குறிக்கும் ‘ஹூட்விங்க்’ முதலில் கண்ணைத் துணியால் கட்டுவதைத்தான் குறித்தது. ஒன்றைக் கண்டும் காணாமல் விடுவதும் விங்க்தான். 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில், அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரத்தில், மக்களின் அறியாமைக் காலத்தைக் கடவுள் பொறுத்துப்போனதற்கு இந்த வினைச்சொல்லையே போட்டிருக்கிறார்கள். இன்றைய ஆங்கிலேயர் அதைப் படித்தால் கடவுள் கண்ணடிப்பதுபோல் தோன்றிச் சிரிப்பு வரும். ‘நான் பார்க்கவில்லை’ என்ற சொல், ‘நான் பார்த்தேன், நீயும் பார்த்தாய், வெளியே சொல்ல வேண்டாம்’ என்று வளர்ந்துவிட்டது.

தமிழில் இரண்டும் தனித்தனி. கண்டும் காணாமல் விடுவது பெரிய மனிதர் குணம், அல்லது லஞ்சம் வாங்கியவர் குணம். கண்ணடிப்பது என்றால் பேருந்து நிறுத்தமும் காதலும் வம்பும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆங்கிலத்தின் அன்றாடச் சிமிட்டலில் காதலுக்குச் சின்னப் பங்குதான். லண்டன் சந்தையில் பழங்களை நிறுத்துப் போட்டபின் இன்னொரு ஆப்பிளைப் பையில் நழுவவிட்டு, பழக்கடைக்காரர் கண் சிமிட்டுவார். கொசுறோடு வரும் கொசுறு அது. ‘உன் மூக்கைப் பிடுங்கித் தின்னப்போகிறேன்’ என்று மிரட்டும் தாத்தா, பேத்தியின் உதடு பிதுங்குவதற்குள் ஒரு கண்ணை மூடித் திறப்பார். சொன்ன வாக்கியம் முழுவதும் தலைகீழாகிவிடும். விளக்கம் சொல்லியிருந்தால் விளையாட்டு கெட்டிருக்கும். இவ்வளவு சிக்கனமான மறுப்புச் சொல் எந்த அகராதியிலும் கிடைக்காது.

தத்துவ அறிஞர் கில்பர்ட் ரைல் கண் சிமிட்டலை வைத்துத்தான் ஒரு புதிர் போட்டார். ஒரு பையனின் கண் தானாகத் துடிக்கிறது. இன்னொருவன் வேண்டுமென்றே சிமிட்டுகிறான். படம் பிடித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. மானுடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1973இல் தன் நூலில் இதை எடுத்தாண்டபின் அந்தத் துறை மாணவர்கள் எல்லோருக்கும் அது பாடமாயிற்று. அவர்களுக்கு அது பண்பாட்டைப் படிக்கும் முறை. எனக்கு அதில் தெரிவது வேறு: சிமிட்டியவர் எப்போது வேண்டுமானாலும் ‘தூசி விழுந்தது’ என்று சொல்லித் தப்பிக்கலாம். நாக்கு இப்படித் தப்ப முடியாது.

இந்த வசதிதான் சிமிட்டலின் குறையும். மேலதிகாரி ஒருவர் இளம் பெண் ஊழியரிடம் வேலையைப் பற்றிப் பேசிவிட்டுக் கடைசியில் கண் சிமிட்டுகிறார் என்று வையுங்கள். அவள் புகார் செய்தால் எதைச் சொல்வாள்? சொற்கள் எல்லாம் சுத்தம். பொருள் முழுக்க இமையில் இருந்தது. இமைக்குச் சாட்சி கிடையாது. மாண்டி பைதான் நகைச்சுவைக் குழுவின் எரிக் ஐடில் 1969இல் மதுக்கடையில் பக்கத்திலிருப்பவரை முழங்கையால் இடித்துக்கொண்டே ஜாடை பேசும் ஆளாக நடித்தார். ‘விங்க் விங்க்’ என்று வாயாலேயே சொல்லி அந்த ஆள் தன் குட்டை உடைத்துக்கொள்வதுதான் நகைச்சுவை. அலுவலகத்தில் அப்படி யாரும் வாயால் சொல்வதில்லை.

சிமிட்டலில் பெரும்பாலும் மூவர் உண்டு: சிமிட்டுபவர், பெறுபவர், பார்க்கக் கூடாதவர். 2014 மே மாதம் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் மெல்போர்ன் வானொலி நிலையத்தில் நேயர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். ஒரு பாட்டி தொலைபேசியில் வந்து, பிழைப்புக்காக ஆபாசத் தொலைபேசிச் சேவையில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். அபட் எதிரே இருந்த தொகுப்பாளரைப் பார்த்துக் கண் சிமிட்டினார். பாட்டிக்குத் தெரியவில்லை, ஸ்டுடியோ கேமராவுக்குத் தெரிந்தது. அழைப்பைத் தொடரலாம் என்றுதான் அவர் சைகை காட்டினார் என்றது பிரதமர் அலுவலகம். இருக்கலாம். ஆனாலும் தன் கஷ்டத்தைச் சொல்லும் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் நடந்த பேச்சு அது. அதற்கு முன், 2007 மே மாதம் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் வாய் தவறி, எலிசபெத் ராணி பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அமெரிக்கா வந்தவர் என்பதுபோல் பேசிவிட்டு, அவரைப் பார்த்தே கண் சிமிட்டினார். ராணியிடம் கண் சிமிட்டுவதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. என் பார்வையில் அதில் குற்றமில்லை. கேலிக்கு ஆளானவர் புஷ்ஷே; கூடியிருந்த எல்லோரும் பார்க்கத்தான் சிமிட்டினார்.

கைபேசியில் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் சேர்த்துப் போடும் சிமிட்டலுக்கு மட்டும் ‘தூசி விழுந்தது’ என்ற சாக்கு செல்லாது. அது திரையில் அப்படியே நிற்கும்.

லண்டனுக்குப் போகிறவர்கள், பழக்கடைக்காரர் கண் சிமிட்டினால் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் ஆப்பிளை வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலகக் கூட்டத்தில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர் உங்களைப் பார்த்துச் சிமிட்டினால், பேசுகிறவரைப் பாருங்கள்.