சிறைவாயிலுக்கு அப்பால்

வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்களின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் தமிழர்க்கு நினைவு வருவன இரண்டு: கப்பலும் செக்கும். 1906-இல் அவர் கண்ட சுதேசிக் கப்பல் கம்பெனியையும், 1908-இல் தண்டனை பெற்றுக் கோயமுத்தூர்ச் சிறையிற் செக்கிழுத்ததையும் நம் மேடைகள் ஓயாது முழங்குகின்றன. 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆந் தேதி கண்ணனூர்ச் சிறைக்கதவு திறந்ததும் முழக்கம் ஓய்ந்துவிடுகிறது. அதன் பின்னும் ஏறக்குறைய 24 ஆண்டுகள் அம்மனிதர் உயிர் வாழ்ந்தார், உண்ண வேண்டியிருந்தது, மனைவி மக்களைக் காக்க வேண்டியிருந்தது.

அக்காலத்தின் ஒரு சிறு துண்டையே ஆ. இரா. வேங்கடாசலபதி ‘வ.உ.சி.யும் காந்தியும்: 347 ரூபாய் 12 அணா’ (2021) என்னும் நூலில் ஆராய்கிறார். தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியர் பிள்ளையவர்களுக்கெனத் திரட்டிய நிதி காந்தியார் வசம் இருந்தது. அதுபற்றி 1915-இல் இருவரிடையே தொடங்கிய கடிதப் போக்குவரத்து, 1916-இன் தொடக்கத்தில் பணம் கைசேரும் வரை நீண்டது. விஷயம் இவ்வளவே. காந்தியாரை வைவதற்கு ஆயுதந் தேடி இந்நூலை எடுப்போர் ஏமாறுவர். தொகையைத் தலைப்பிலேயே பொறித்தது அத்தகையோரை வலிய அழைப்பதாகிவிட்டதோ என்பது எமது ஐயம்.

எம் சிந்தையைக் கவர்ந்தது வேறொன்று. பிள்ளையவர்கள் தம் சிறைவாழ்வை அகவற்பாவிலே ‘சுயசரிதை’யாகப் பாடினார். செக்கும் விலங்கும் செய்யுளுக்குள் கம்பீரமாக அமைந்துவிடுகின்றன. அத்துன்பத்தை இழைத்தவன் அந்நியன் அல்லனோ? தமக்கென்று பிறர் தந்த பணத்தைத் தாமே நினைவூட்டிக் கேட்க நேரும் துன்பம் எந்த யாப்பில் அடங்கும்? அதற்கு வசனமே, அதுவும் கடித வசனமே, ஏற்றது. வீரரின் சரித்திரம் பாட்டிலும், சிறை மீண்ட குடும்பஸ்தனின் சரித்திரம் கடிதத்திலும் கிடப்பது தற்செயலன்று.

அவர் திரும்பிவரத் தொழில் ஏது? வக்கீலாகச் சிறை புகுந்தவரின் சன்னது பறிபோயிற்று. கப்பல் கம்பெனியோ அவர் உள்ளே இருக்கும்போதே, 1911-இல், கலைக்கப்பட்டது. சென்னையிற் குடியேறிச் சிறு வியாபாரம் செய்து பார்த்தார், கைகொடுக்கவில்லை. இவ்வளவுக்கும் இடையே 1914-இல் ‘மெய்யறம்’ வெளியிட்டார். 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு பதிப்பித்தார். பின்னர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் சன்னது மீண்டது. கோவிற்பட்டியில் வக்கீல் தொழில் நடத்தினார். நன்றி மறவாது தம் புதல்வனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். செக்கில் பூட்டியதும் அவ்வாட்சி. சன்னதைத் தந்த கையும் அவ்வாட்சியினது. தேசபக்தர்களின் கை எங்கே போயிற்று என்று வினவுவது குற்றமாகாது.

பாலோவைச் சூழ்ந்த தோட்டங்களிற் கிராணி வேலை பார்க்கும் எமக்கு இஃது ஏட்டுச் செய்தியன்று. அடிதடியிலோ களவிலோ சிக்கிச் சிறைசென்று மீள்பவன் தேசபக்தன் அல்லன்; உண்மை. ஆயினும் சர்க்காருக்கு அவன் பட்ட கடன் தீர்ந்துவிட்டதே! செக்குரோலில் பெயர் ஏற்றத் தயக்கம். கோயில் திருவிழாவுக்கு அவனிடம் வரி வாங்கத் தயக்கம். அவன் தங்கைக்கு வரன் வந்தால் அதைக் கலைக்க மட்டும் தயக்கமில்லை. ஊருக்காகச் சிறை சென்றவரையே பட்டினியில் விட்ட சமூகம் இவனுக்கு எந்தக் கதவைத் திறக்கும்? ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961) படத்தைக் கண்டு கண்ணீர் வடித்தவர்களுள் எத்தனை பேர், மறுநாள் லயத்து வாசலில் நின்றவனுக்கு ஒரு நாள் வேலை தந்திருப்பர்?

நிதி தந்தவர்களோ நம்மைப்போற் கடல் கடந்து பிழைக்கச் சென்றவர்கள். முகம் அறியாத ஒருவருக்காகத் தம் உழைப்பில் ஒரு பங்கை எடுத்து வைத்தனர். நூலை வாசித்து முடித்தபோது, எழுதியவரையும் பெற்றவரையும் விட அவர்களையே அறிய விழைந்தோம். அவர்தம் பெயர்ப்பட்டியல் எங்கேனும் அகப்படுமாயின், ஆசிரியர் அதனை அடுத்த பதிப்பிற் சேர்த்து அச்சிடுவாராக.