மேசையில் இடம், பேச்சில் இல்லை

‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ தொடரின் முதல் பருவத்தில் ஒன்பதாவது அத்தியாயம் ‘பச்சைச் சபை’. 2022 அக்டோபரில் ஒளிபரப்பானது. எழுதியவர் சாரா ஹெஸ், இயக்கியவர் கிளேர் கில்னர், இருவரும் பெண்கள். அரசர் விசெரிஸ் இரவில் இறந்துபோகிறார். அவர் வாரிசாக அறிவித்தது மூத்த மகள் ரெனீராவை. பிரபுக்கள் மண்டியிட்டுச் சத்தியம் செய்தது அவளுக்குத்தான். அந்த ரெனீரா இந்த அத்தியாயத்தில் ஒரு காட்சியில்கூட இல்லை. அவளுக்கு இழைக்கப்படும் துரோகத்தை, துரோகம் செய்கிறவர்களின் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து நாம் பார்க்கிறோம்.

இந்தக் கதைக்கு விதை இங்கிலாந்து வரலாற்றில் இருக்கிறது. முதலாம் ஹென்றி 1127-இல் தன் மகள் மட்டில்டாவுக்காகப் பிரபுக்களிடம் சத்தியம் வாங்கினார். 1135-இல் அவர் இறந்ததும், சத்தியம் செய்தவர்களில் ஒருவரான ஸ்டீபன் முடிசூட்டிக்கொண்டார். மட்டில்டாவுக்குக் கடைசிவரை முடி கிடைக்கவில்லை.

விசெரிஸின் இரண்டாம் மனைவி அலிசென்ட். சாகும் தறுவாயில் அவர் உளறியது மூதாதை ஏகானின் கனவைப் பற்றி. அதைத் தன் மகன் ஏகானுக்கே அரியணை என்று அவள் புரிந்துகொள்கிறாள். அதைச் சபையில் தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். அங்கிருக்கும் ஆண்கள் யாரும் அதிர்ச்சியடையவில்லை. திட்டம் எப்போதோ தயாராகிவிட்டது. தீட்டியவர்களில் முதன்மையானவர் அவளுடைய அப்பா ஆட்டோ. கணவர் நோயில் கிடந்த காலமெல்லாம் ராஜ்யத்தை நடத்தியவள், தனக்குத் தெரியாமல் ஒரு ராஜ்யமே நடந்திருப்பதை அந்த மேசையில்தான் அறிகிறாள். எதிர்த்துப் பேசிய முதியவர் பீஸ்பரியை கிறிஸ்டன் கோல் மேசையோடு வைத்து அழுத்திக் கொன்றுவிடுகிறான். அதன் பிறகும் பேச்சு தொடர்கிறது. அடுத்து ரெனீராவைக் கொல்வது பற்றி.

மார்ட்டின் 2018-இல் வெளியிட்ட மூல நூலில் அலிசென்ட் இப்படி இல்லை. அங்கே அவள் மகனுக்காகத் தானே காய் நகர்த்தும் ராணி. தொடர் அந்த ஆசையை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் காதில் தவறாக விழுந்த ஒரு சொல்லை வைக்கிறது. பார்வையாளர் அவளை வெறுத்துவிடக் கூடாதே என்ற கவலை போலும். ஆட்டோவுக்கு அப்படி எந்தச் சாக்கும் தேவைப்படவில்லை. அவர் பதவி வேண்டும் என்று நினைக்கிறார், அவ்வளவுதான். ஒரு பெண் அதே பதவியை நினைத்தால் மட்டும் அது யாருடைய கடைசி ஆசையாகவோ இருந்தாக வேண்டியிருக்கிறது. இந்த மாற்றத்தைப் பெண்ணியப் பார்வை என்று பாராட்டியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனாலும் அறைக்குள் பூட்டி வைக்கப்பட்ட ரெய்னிஸை அலிசென்ட் சந்திக்கும் காட்சிக்காக இந்த அத்தியாயத்தை மாணவிகளுக்குப் போட்டுக் காட்டலாம். பெண் என்பதால் அரியணை மறுக்கப்பட்டவள் ரெய்னிஸ். “நாம் ஆள முடியாது, ஆளும் ஆண்களை வழிநடத்தலாம்” என்கிற பாணியில் அலிசென்ட் அவளிடம் ஆதரவு கேட்கிறாள். அப்பாவுக்காக, கணவனுக்காக, மகனுக்காக என்று ஆண்களுக்கே உழைத்துக்கொண்டிருக்கிறாய். உனக்கு வேண்டியது விடுதலை இல்லை, சிறைச் சுவரில் ஒரு ஜன்னல் என்கிறாள் ரெய்னிஸ். அரியணையில் உன்னையே நீ ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லையா என்றும் கேட்கிறாள். அலிசென்டிடம் பதில் இல்லை. அவளாக நடிக்கும் ஒலிவியா குக்கின் முகத்தில் அந்தக் கணம் ஓடுவது கோபமில்லை. அந்தக் கேள்வியே இதுவரை தோன்றவில்லையே என்கிற திகைப்பு.

இரவில் ஒற்றர் செய்தியோடு லாரிஸ் வருகிறான். ராணி காலணியையும் காலுறையையும் கழற்றிப் பாதங்களை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவன் அதைப் பார்த்துச் சுயஇன்பம் செய்கிறான். அருவருப்புக்காக வைத்த காட்சி என்று பலர் ஒதுக்கினார்கள். எனக்கு அது தேவையான காட்சி. இது முதல் முறை இல்லை என்பது அவள் சொல்லிக்கொடுக்காமலே காலணியைக் கழற்றும் விதத்தில் தெரிகிறது. முடிசூடிய பெண்ணும் தகவலுக்கு உடம்பால்தான் விலை கொடுக்கிறாள்.

அந்த இரவின் செய்தி மைசேரியாவைப் பற்றியது. அரண்மனைப் பணிப்பெண்களை ஒற்றர்களாக வைத்திருப்பவள் அவள். ராணியின் சொந்தப் பணிப்பெண் தால்யாவும் அவளுடைய ஆள்தான். ஒளிந்திருக்கும் ஏகானைக் காட்டிக்கொடுக்க அவள் பொன்னோடு இன்னொன்றும் கேட்டாள்: சேரிக் குழந்தைகளைச் சண்டைக்கு விட்டுப் பந்தயம் கட்டும் கொடுமையை நிறுத்த வேண்டும். இந்த ஒரு மணி நேரத்தில் தன் குடும்பத்துக்கு வெளியே இருக்கும் யாருக்காகவாவது பேரம் பேசியது அவள் மட்டுமே. பார்க்கலாம் என்றார் ஆட்டோ. லாரிஸ் வந்துபோன பின் அவள் வீடு எரிகிறது. அந்தத் தீக்குத் தலையசைத்தவள் ஒரு பெண்.

கடைசியில் முடிசூட்டு விழா. பார்க்க வரும்படி வீரர்கள் ஊர் மக்களை மந்தை போல ஓட்டிவந்து நிறுத்துகிறார்கள். தரையைப் பிளந்துகொண்டு டிராகன் மேல் ரெய்னிஸ் எழுகிறாள். எத்தனையோ பேர் அடியில் நசுங்குகிறார்கள். அலிசென்ட் மகனுக்கு முன்னால் வந்து நிற்க, ரெய்னிஸ் நெருப்பை விடாமல் பறந்துபோகிறாள். ஒரு தாய் இன்னொரு தாய்க்குக் காட்டிய கருணை என்று அதைப் படிப்பவர்கள் உண்டு. மேடையில் இருந்தவர்களுக்குக் கிடைத்த அந்தக் கருணை, தரையில் நின்றவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? நசுங்கிய கூட்டத்திலும் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த தாய்மார் இருந்திருப்பார்கள். அடுத்த அத்தியாயத்தில் டேமன் அவளிடம் கேட்பதும், வாய்ப்பிருந்தும் ஏன் அவர்களை எரிக்கவில்லை என்றுதான்.